ஆபீஸ் இல்லாமல் ஊருக்குள் வந்தவர்கள்

2020 ஜனவரி 31: பிஎஸ்என்எல்லில் ஒரே நாளில் எழுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வு (விஆர்எஸ்). மார்ச் 24: ஊரடங்கு. இடைப்பட்ட 53 நாட்களில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போன்ற ஊர்களுக்குக் குடிவந்தவர்கள், யாரையும் தெரியாத தெருவில் எப்படி ஊர்க்காரர்கள் ஆனார்கள்?

2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் இந்தியாவின் முதல் கொரோனா தொற்று உறுதியானது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. பிஎஸ்என்எல்லில் இருந்து 78,500-க்கும் மேற்பட்டவர்கள் அன்றைக்கு மொத்தமாக வெளியே வந்தார்கள். இன்னொரு அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்டிஎன்எல்லில் இருந்து 14,000-க்கும் மேல். பிஎஸ்என்எல் ஊழியர்களில் பாதிக்கு மேல் ஒரே மாலையில் வீட்டுக்குப் போனார்கள். இவ்வளவு பெரிய பிரிவுபசாரம் நாட்டில் அபூர்வம்.

2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இந்த நிறுவனங்களின் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விண்ணப்பிக்க அவகாசம். 50 வயது நிறைந்தவர்கள் கையெழுத்துப் போடலாம். முடித்த ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் 35 நாள் சம்பளம், மிச்சமிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் என்று எக்ஸ்கிரேஷியா (கருணைத் தொகை) கணக்கு. அந்த ஆண்டு முழுக்கச் சம்பளமே தள்ளித் தள்ளித்தான் வந்துகொண்டிருந்தது. இருந்தால் என்ன ஆகுமோ என்ற பயமும், போனால் கையில் ஒரு தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் பலரைக் கையெழுத்துப் போட வைத்தன. அதில் விருப்பம் எவ்வளவு என்பது அவரவருக்கே வெளிச்சம்.

இவர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தொலைத்தொடர்புத் துறையில் சேர்ந்தவர்கள். லைன்மேன், டெலிபோன் ஆபரேட்டர், டெக்னீஷியன், ஜேடிஓ (ஜூனியர் டெலிகாம் ஆபீஸர்), கிளார்க். டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர்கள், எஸ்டிடி பூத் முளைத்ததையும் மறைந்ததையும் பார்த்தவர்கள். 2000 அக்டோபர் 1 அன்று துறை நிறுவனமானபோது சீருடை மாறாமல் முதலாளி மட்டும் மாறிய தலைமுறை.

ஒரு மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்த்த 56 வயது டெக்னீஷியன். மனைவி இல்லத்தரசி. மகன் ஐடி வேலையில், மகள் கோவையில் கட்டிக் கொடுத்த இடத்தில். வாடகை கொடுத்து மாளவில்லை என்று திண்டுக்கல்லுக்கு வருகிறார். இவர் யாரோ ஒருவரின் உருவப்படம் அல்ல. பலரை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க நாம் வைத்துக்கொள்ளும் ஆள்.

ஏன் திண்டுக்கல்?

கணக்குப் போட்டுப் பார்க்கிற ஆளுக்கு இந்த ஊர் பிடிக்கும். சென்னை, மதுரை, திருச்சி, கரூர், பழனி எல்லாத் திசைக்கும் ரயில் பிரியும் ஜங்ஷன். நான்குவழிச் சாலையில் ஏறினால் மதுரை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கோவையில் இருக்கும் மகளும் சென்னையில் இருக்கும் மகனும் நேராக வந்துபோகலாம். மதுரையில் ஒரு பிளாட் வாங்கும் காசுக்கு ரவுண்ட் ரோட்டுக்கு வெளியே தனிவீடே பார்க்கலாம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். கிழக்கே சிறுமலை, ஊருக்கு நடுவே மலைக்கோட்டை, மேற்கே கொடைக்கானல் மலை. 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது, 2014-இல் மாநகராட்சியானது. ஆனாலும் பூட்டுப் பட்டறை, தோல் மண்டி, பூ மார்க்கெட், நூல் மில் என்று உழைத்துச் சாப்பிடும் ஊரின் முகம் மாறவில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வந்தது. கணக்கில் வராத ஒரு விஷயம் மட்டும் விட்டுப்போயிருந்தது.

டிரான்ஸ்ஃபர் வேறு, இது வேறு

அரசு வேலையில் இருந்தவர்களுக்குப் புது ஊர் புதிதல்ல. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் பெட்டியைக் கட்டுவார்கள். ஆனால் அப்படிப் போகும்போது ஊரில் கால் வைப்பதற்கு முன்பே அவர்களுக்காக அங்கே ஒரு ஆபீஸ் காத்திருக்கும். எந்தத் தெருவில் வாடகை குறைவு, எந்த ஸ்கூலில் சீட் கிடைக்கும், எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்த மெஸ்ஸில் குழம்பு நன்றாயிருக்கும் என்று சொல்லித் தர நாலு பேர் தயாராக இருப்பார்கள். சங்கத்து ஆள் ரேஷன் கார்டை மாற்றிக் கொடுப்பார். முதல் மாதமே ஒரு கல்யாணப் பத்திரிகை வரும், ஒரு துக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும். மூன்று மாதத்தில் ஊர் பழகிவிடும். நாமே கெட்டிக்காரத்தனமாய்ப் பழகிக்கொண்டோம் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் ஆபீஸ்தான் நம்மைக் கைப்பிடித்து ஊருக்குள் கூட்டிப்போயிருக்கும்.

விஆர்எஸ் வாங்கி வந்தவருக்கு அந்தக் கை இல்லை. டீக்கடையில் “எந்தூருங்கண்ணே?” என்று கேட்டால் சொல்லலாம். “இங்க என்னவா இருக்கீங்க?” என்ற அடுத்த கேள்விக்குத்தான் வாய் தடுமாறும். அறுபதில் ரிடையர் ஆனவருக்கு அதில் ஒரு மரியாதை உண்டு. ஐம்பத்தாறு வயதில், தலையில் டை அடித்துக்கொண்டு, காலை பத்தரை மணிக்கு வீட்டு வாசலில் நிற்பவரைத் தெரு ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். வீடு பார்க்கப் போன இடத்தில் “நீங்க எந்தப் பக்கம்?” என்று சுற்றிவளைத்து சாதியைத் தொடும் விசாரிப்பும் இருக்கும். ஆபீஸில் இருந்தவரை பதவி அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் திரை போட்டு வைத்திருந்தது. அதுவும் இப்போது இல்லை.

இருந்தாலும் ஆபீஸ் இல்லாதவருக்கு ஊர் வேறு வாசல்களைத் திறந்து வைத்திருக்கும். காலையில் மலைக்கோட்டைப் பக்கம் நடைப்பயிற்சி, அபிராமி அம்மன் கோயில் பிரகாரம், தாடிக்கொம்புப் பெருமாள், பேகம்பூர்ப் பக்கம் வெள்ளிக்கிழமைத் தொழுகை, ஞாயிற்றுக்கிழமை சர்ச், நூலகத்தில் பேப்பர் படிக்கும் பெஞ்சு. தினமும் ஒரே நேரத்துக்குப் போய் உட்கார்ந்தாலே பத்தாவது நாள் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் ஊரே தெருவில் இருக்கும்.

மாசி முடிந்து பங்குனி பிறந்தது. அந்த வாசல்களும் சாத்தப்பட்டன.

சாத்திய வாசல்கள்

தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள நினைவுச் சின்னங்கள் மார்ச் 17 அன்றே மூடப்பட்டன. மலைக்கோட்டையும் அதில் அடக்கம். மார்ச் 22 மக்கள் ஊரடங்கு. 24 மாலை 6 மணிக்கு மாநிலம் முழுக்க 144 தடை உத்தரவு. மறுநாள் மதுரையில் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம். டீக்கடைகள் மே 11 வரை மூடியிருந்தன. அதற்குப் பிறகும் பார்சல் மட்டும்தான். ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட ஜூன் 8 ஆயிற்று. பெரிய கோயில்கள் திறக்க செப்டம்பர் 1. கல்யாணத்துக்கு 50 பேர், துக்கத்துக்கு 20 பேர் என்று அரசாணை வந்தபோது, அந்த இருபதில் புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இடம் ஏது?

பிள்ளைகள் வந்துபோகும் கணக்கும் பொய்த்தது. ஜூன் மாதம் மண்டலத்துக்குள் பஸ் ஓடியது. மதுரை, தேனியோடு திண்டுக்கல்லுக்குப் போக்குவரத்து இருந்தது. ஜூன் 24 அன்று மதுரை முழு ஊரடங்குக்குப் போனது. மாதக் கடைசியில் மாவட்ட எல்லையைத் தாண்டவே இ-பாஸ் என்றானது. திருமணம், மரணம், மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டும். மகளைப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மாவட்டத்துக்குள் பஸ் செப்டம்பர் 1, மாவட்டம் விட்டு மாவட்டம் செப்டம்பர் 7. ஜங்ஷன் பக்கத்திலேயே வீடு இருந்தும் நினைத்தபோது ரயில் ஏற முடியாத மாதங்கள் அவை.

ஓய்வு பெற்றவர்கள் பயந்த இன்னொன்று ஆஸ்பத்திரி. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி முறைப்படி திறக்கப்பட்டதே 2022 ஜனவரி 12 அன்றுதான். அதற்கு முன்பு மேல்சிகிச்சை என்றால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி என்பதே இந்தப் பக்கத்து வழக்கம். மதுரைக்கு ஒரு மணி நேரம் என்பது சாலை திறந்திருக்கும் நாளின் கணக்கு.

தண்ணீர் செய்த அறிமுகம்

பேசப் பழக இடமே இல்லாத அந்த நாட்களில் புதியவரைத் தெருவோடு சேர்த்து வைத்த முதல் ஆள் தண்ணீர்தான்.

திண்டுக்கல்லுக்குத் தண்ணீர்க் கவலை பழையது. ஆத்தூர் காமராஜர் அணை, பேரணையிலிருந்து வரும் வைகைத் தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று பல இடத்திலிருந்து கூட்டிச் சேர்த்துத்தான் ஊர் குடிக்கிறது. குழாயில் நல்ல தண்ணி வரும் நாளைத் தெருவே நினைவில் வைத்திருக்கும். போர்வெல்லில் வருவது பல இடங்களில் உப்புத் தண்ணி. தோல் பதனிடும் ஆலைகள் இருந்த பக்கங்களில் நிலத்தடி நீர் கெட்ட கதை ஊரறிந்தது. சென்னைக்காரர் லாரித் தண்ணீர் பார்த்தவர்தான். ஆனால் எந்தக் கிழமை வால்வு திறப்பார்கள், யார் வீட்டு மோட்டார் இழுத்தால் யார் வீட்டுக்கு வராது, எந்தத் தண்ணியில் பருப்பு வேகும் என்பதெல்லாம் எந்த இணையதளத்திலும் கிடைக்காது. பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கேட்க வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசிய முதல் பேச்சு பல வீடுகளில் இதுவாகத்தான் இருந்திருக்கும். தண்ணி வந்தால் குரல் கொடுப்பது என்பது இந்த ஊரில் ஒருவரைத் தெருவில் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம்.

அடுத்தது சாப்பாடு. சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் மாறியதையும், காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்ததையும் தமிழ்நாட்டின் எல்லா ஊரும் பார்த்தது. திண்டுக்கல் சமவெளிக்கு அதில் ஒரு தனிக் கசப்பு உண்டு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து கேரளம் வரைக்கும் காய் போகும். நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை விளையும். கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, பூ யாருக்கு? பறிக்கும் கூலிக்குக்கூட விலை வராத பூவை விவசாயிகள் செடியிலேயே விட்டார்கள். ஆபீஸில் இருந்திருந்தால் இதைப் பேப்பரில் படித்துவிட்டுப் போயிருப்பார் நம் டெக்னீஷியன். வாசலுக்கு வந்த வண்டிக்காரரிடம் விலை கேட்டபோதுதான், தான் வந்து சேர்ந்த ஊர் எதை விற்றுச் சாப்பிடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள் நடந்தது

புது ஊரைவிடப் புதிதாக இருந்தது வீடு. முப்பது வருடமாகக் காலை எட்டரைக்குக் கிளம்பிய மனிதர் திடீரென்று முழுநேரமும் உள்ளே. அவர் கண்ணுக்கு கேஸ் எவ்வளவு எரிகிறது, ஃபேன் ஏன் சுற்றுகிறது என்பதெல்லாம் படத் தொடங்கும். சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் சூப்பர்வைசர் வேலை பார்ப்பார். அதுவரை பகல் பொழுதைத் தன் விருப்பப்படி வைத்திருந்த மனைவிக்குத்தான் உண்மையில் ஓய்வு பறிபோனது. மகன் ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’ என்று லேப்டாப்போடு வந்து சேர்ந்தால் வேளைக்கு வேளை டிபன், டீ.

இன்னொரு கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை. விஆர்எஸ் வாங்கியவர்களில் பெண்களும் கணிசம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஷிப்டு பார்த்த ஆபரேட்டர்கள், கஸ்டமர் கேர் கவுன்ட்டரில் இருந்தவர்கள், அதிகாரிகள். அவர்களுக்கு ஆபீஸ் என்பது சம்பளம் தரும் இடம் மட்டுமல்ல. தோழிகளோடு சாப்பிடும் மதியமும் அதுதான். விஆர்எஸ் வந்ததும் “இனி வீட்ல தானே இருக்கீங்க” என்ற ஒரே வாக்கியத்தில் பேரக்குழந்தையும் மாமியாரும் அடுப்பும் மொத்தமாக அவர்கள் தலையில் வந்தன. ஆனால் புது ஊரில் முதலில் வேர் பிடித்தவர்களும் பெண்கள்தான். பூக்காரம்மா, பால் ஊற்றுகிறவர், இட்லி மாவு விற்கும் வீடு என்று அன்றாடம் அவர்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. வீட்டுக்காரரைத் தெரு “அந்த அக்கா வீட்டுச் சார்” என்றுதான் முதலில் அறிந்தது.

கைக்கு வந்த பணம், குறைந்த வட்டி

புது ஊரின் தனிமையை எல்லோரும் பேசுவார்கள். அந்த வருடத்து வட்டியை வாங்கியவர்கள் மட்டும்தான் பேசுவார்கள். எக்ஸ்கிரேஷியா வந்தது. பென்ஷனின் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் 60 வயதுக்குப் பிறகுதான் என்றார்கள். கிராஜுவிட்டியும் தள்ளிப்போனது. வந்த தொகையை எங்கே போடுவது?

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பொதுவாக 60 வயது நிறைந்தவர்களுக்கு. ஆனால் 55 முதல் 60-க்குள் ஓய்வு பெற்றவர்களும் பணம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் சேரலாம் என்று அப்போது விதி. 2020 மார்ச் 31 வரை வட்டி 8.6 சதவீதம். ஏப்ரல் 1 முதல் 7.4. அன்றைய உச்சவரம்பான 15 லட்சத்தை மார்ச் முடிவதற்குள் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 32,250 ரூபாய். ஏப்ரலில் போட்டவருக்கு 27,750. வருடத்துக்கு 18,000, ஐந்து வருடத்தில் 90,000 ரூபாய் வித்தியாசம். புது ஊரில் எந்த போஸ்ட் ஆபீஸில் வேலை சீக்கிரம் முடியும் என்று தெரியாமல், முகவரி மாற்றிய ஆதார் கைக்கு வராமல், மார்ச்சின் கடைசி வாரம் ஊரடங்கில் போனவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணில் நிற்கும். ஒரு மாதக் கெடுவைப் பிறகு அரசு தளர்த்தியது. குறைந்த வட்டி குறைந்ததுதான். 50-க்கு மேல் 55-க்குள் வெளியேறியவர்களுக்கு இந்தத் திட்டத்தின் கதவே இல்லை.

அதே மாதங்களில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேறு காற்று வீசியது. 2020 மே 7 அன்று தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் 60. ஒரே தெருவில், ஒரே வயதில், ஒருவர் சீக்கிரம் வெளியே வந்து உட்கார்ந்திருக்க, எதிர்வீட்டு மாநில அரசு ஊழியருக்கு இரண்டு வருடம் கூடுதலாக வந்தது. அமெரிக்காவிலோ கொரோனா காலத்தில் வழக்கத்தைவிட 20 லட்சத்துக்கும் அதிகமானோர் ஓய்வுக்குப் போனதாக ஃபெடரல் ரிசர்வ் ஆய்வாளர் ஒருவர் கணித்தார். அங்கே பலரைப் பங்குச் சந்தையும் வீட்டு விலையும் ஏறித் தைரியப்படுத்தின. இங்கே முதலில் ஓய்வு, பிறகு கொள்ளைநோய், அதன் பிறகுதான் கணக்கு.

போன் தெரிந்த சார்

இந்தக் கதையின் பெரிய முரண் இதுதான்: போனை விட்டு எழுபத்தெட்டாயிரம் பேர் வெளியேறிய ஐம்பத்து மூன்றாவது நாளில் நாடே போனுக்குள் குடியேறியது. பள்ளிக்கூடம் போனில், இ-பாஸ் போனில், கரன்ட் பில் போனில், அடுத்த ஆண்டு தடுப்பூசிப் பதிவும் போனில். ஓடிபி வரவில்லை, சிக்னல் இல்லை, ஆன்லைன் கிளாஸ் நடுவில் நின்றுவிட்டது என்று தெரு தவித்தபோது, சிக்னல் ஏன் வராது என்று தெரிந்தவர் அந்தத் தெருவிலேயே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டின் எந்த மூலையில் உட்கார்ந்தால் பையனுக்குப் பாடம் தடையில்லாமல் கேட்கும், பிராட்பேண்ட் மோடத்தை எங்கே வைக்க வேண்டும், வாசலில் தொங்கும் ஒயரில் கோளாறு எங்கே என்று பார்த்துச் சொல்வது அவருக்கு ஐந்து நிமிட வேலை. பென்ஷன்காரர்களின் வாழ்நாள் சான்றிதழ் இன்னொன்று. வழக்கமாக நவம்பரோடு முடியும் அவகாசத்தை 2020-இல் மத்திய அரசு நீட்டித்தது; வயதானவர்கள் வங்கியில் கூட்டம் சேர வேண்டாம், ஜீவன் பிரமாண் மூலம் டிஜிட்டலில் கொடுங்கள் என்றது. சொல்வது எளிது. கைரேகை தேய்ந்த எண்பது வயது அம்மாவுக்கு அதை யார் செய்து கொடுப்பது? தொலைத்தொடர்பு ஓய்வூதியர்களுக்கு ‘சம்பன்’ என்ற இணையவழி ஏற்பாடு 2018 டிசம்பரிலேயே வந்துவிட்டதால், விஆர்எஸ்காரர்கள் தங்கள் பென்ஷனுக்கே அந்தப் படிகளில் ஏறி இறங்கிப் பழகியிருந்தார்கள். தமக்குத் தெரிந்ததைத் தெருவுக்குச் செய்தவர்களுக்கு, வருகிறவர் போகிறவர் எல்லாம் வணக்கம் சொல்லும் நாள் சீக்கிரம் வந்தது. அடுத்து “என்னவா இருக்கீங்க?” என்று யாரும் கேட்கவில்லை. “போன் சார்” என்று தெருவே பெயர் வைத்துவிட்டது.

எல்லோருக்கும் இது அமையவில்லை. மாடியிலேயே நடந்து, டிவி செய்தியிலேயே பொழுதைக் கழித்து, உள்ளுக்குள் சுருண்டவர்களும் உண்டு. 2021 மே 10 முதல் இரண்டாவது முழு ஊரடங்கு வந்தபோது, பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே கண்ணீர் அஞ்சலிப் படங்கள் வரத் தொடங்கின. இருபது வருடம் பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு ஒரு மாலை போட முடியவில்லை. அந்தத் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள அவரைத் தெரிந்த ஒரு ஆள்கூட இந்த ஊரில் இல்லை. புது ஊரின் தனிமை முழுதாகத் தெரிந்தது அப்போதுதான். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தடுப்பூசி. அந்த வரிசையில் இடைவெளி விட்டு நின்றபோதுதான் வார்டுக்காரர்களின் முகத்தையே பலர் முதன்முறையாகப் பார்த்தார்கள்.

இனி வருகிறவர்களுக்கு

கொரோனா ஓய்ந்துவிட்டது, சீக்கிரம் ஓய்வு பெறுவது ஓயவில்லை. வங்கியிலும் தனியார் கம்பெனிகளிலும் ஐம்பதைத் தொட்டவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு வருடங்கள் சொல்லிவிட்டுப் போனவை சில:

வீடு பார்க்கும்போது தண்ணீரைக் கேளுங்கள். போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். குழாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று புரோக்கரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

வேலையில் இருக்கும்போதே ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்க முடிந்தால் நல்லது. வார விடுமுறையில் வந்து பார்த்த ஊரும், செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு இருக்கும் ஊரும் ஒன்றல்ல.

ஓய்வுப் பணம் வருவதற்கு முன்பே புது முகவரியில் ஆதாரும் வங்கிக் கணக்கும் இருக்கட்டும். சேமிப்புத் திட்டங்களின் கெடு உங்கள் குடிமாற்றத்துக்காகக் காத்திருக்காது.

இருவரும் வீட்டில் இருக்கப்போகிறீர்கள் என்றால் யார் எந்த நேரத்துக்கு எதைப் பார்ப்பது என்று முதல் மாதமே பேசி முடியுங்கள். சமையலறைக்கு ஏற்கெனவே ஒரு அதிகாரி இருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் என்ன வேலை தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். மின்வாரியத்துக்காரருக்கு மீட்டர் தெரியும், வங்கிக்காரருக்குப் படிவம் தெரியும், ஆசிரியைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு தெரியும். ஆபீஸ் திரும்ப வாங்கிக்கொண்டது நாற்காலியையும் அடையாள அட்டையையும் மட்டும்தான். தொழில் உங்களிடமே இருக்கிறது. புது ஊர் உங்கள் பழைய பதவியை விசாரிப்பது முதல் வாரம் வரைதான். அதன்பிறகு அது பார்ப்பது, அவசரத்துக்குக் கதவைத் தட்டினால் நீங்கள் திறப்பீர்களா என்பதை. கொள்ளைநோய்க் காலத்தில் திறந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆனார்கள். பென்ஷன் பேப்பரில் ஊர் பெயரை மாற்ற ஒரு மனு போதும். ஊர்க்காரர் ஆக, இப்படித் தெருவில் நாலு பேருக்கு உதவியாக இருந்துதான் ஆக வேண்டும்.